நெகட்டிவ் வந்தால் லட்டு!

2020ல் எங்கள் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் யாராவது ஒரு தடவை இருமினால் போதும், தெருவே காலியாகிவிடும். (ஏற்கெனவே காலியாகத்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.) நானும் என் ரூம்மேட்டும் மாடி ரூமில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடைந்து கிடந்தோம். அவன் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். நான் பி.காம். முடித்துவிட்டு கணக்கைத் தவிர மற்றதெல்லாம் எழுதுகிறவன்.

ஜூலையில் அவனுக்கு இருமல். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். நெகட்டிவ்! சந்தோஷத்தில் கால் கிலோ லட்டு வாங்கினேன். நாலு வாரமாகியும் இருமல் நிற்கவில்லை. மறுபடி குச்சி, மறுபடி நெகட்டிவ், மறுபடி லட்டு. இதற்குள் பேன்ட் இடுப்பில் நிற்காமல், ஆணியைச் சுட்டு பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டான். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், ராத்திரி பனியன் நனைகிற வேர்வை.

"மாப்ளே, நெகட்டிவ்னா நெகட்டிவ்தான்டா. பயப்படாதே" என்றேன், என்னமோ எம்.பி.பி.எஸ். படித்தவன் மாதிரி.

செப்டம்பரில் சளியோடு ரத்தம் வந்தது. நாலாவதாகப் போன இடத்தில்தான் டாக்டர் கேட்டார்: "சளியை டெஸ்ட் பண்ணினீங்களா?"

டி.பி.!

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பார்க்கணும் என்று கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிச் சுவரிலேயே எழுதியிருக்கும். டெஸ்ட்டும் அங்கே இலவசம். ஆனால் அந்த வருஷம் இருமலுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். காசநோயைக் கண்டுபிடிக்கவென்று வந்த ட்ரூநாட் மிஷினையே ஏப்ரலில் கொரோனா டெஸ்ட்டுக்கும் திருப்பிவிட்டார்கள். டி.பி. பிரிவு ஊழியர்களில் பலர் கொரோனா டியூட்டிக்குப் போனார்கள். மிச்சப் பேரைப் போலீஸ் லத்தியும் ஓடாத பஸ்ஸும் வீட்டிலேயே உட்கார வைத்தன.

மார்ச் 24 உலகக் காசநோய் தினம். 1882ல் ராபர்ட் காக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்த நாள். 2020ல் அதே தேதி ராத்திரிதான் பிரதமர் டி.வி.யில் தோன்றி ஊரடங்கு என்றார்!

2019ல் இந்தியாவில் பதிவான காசநோயாளிகள் 24 லட்சம். 2020ல் 18 லட்சம். ஆறு லட்சம் பேருக்கு நோய் பறந்துபோச்சா என்ன? கணக்கு இடித்தால் வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்'டில் தள்ளிவைப்போம். பி.காமில் எனக்கு உருப்படியாகப் புரிந்தது அது ஒன்றுதான். அந்த ஆறு லட்சத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது சார், இருமிக்கொண்டு. பக்கத்தில் படுத்தவனுக்கும் பரப்பிக்கொண்டு. உலகம் பூராவும் இதே கதை: 71 லட்சம் 58 லட்சமானது. வருஷா வருஷம் குறைந்துவந்த டி.பி. சாவு அந்த வருஷம் ஏறியது. இந்தியாவில் பதிவு பழையபடி 24 லட்சத்தைத் தொட 2022 ஆயிற்று.

அவனுக்கு ஆறு மாசம் மாத்திரை. முதல் நாள் பாத்ரூமிலிருந்து அலறினான், "டேய், ஆரஞ்சா போகுதுடா!" ரிஃபாம்பிசின் மாத்திரையின் கைங்கரியம், பயப்பட ஒன்றுமில்லை. சத்தாகச் சாப்பிட மத்திய அரசு மாசம் 500 ரூபாய் பேங்க்கில் போட்டது. (2024 நவம்பரிலிருந்து அது 1000.)

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன். டம்ளரில் டி.பி. பரவாது, காற்றில்தான் பரவும் என்று அப்போது தெரியாது. மூணு மாசம் சாத்தியிருந்த ஜன்னலைத்தான் முதலில் திறந்திருக்கணும். சென்னை சேத்துப்பட்டில் 1956ல் ஆரம்பித்த ஆராய்ச்சி, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம், அதனால் குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்தில்லை என்று உலகத்துக்கே காட்டியது. நம்ம ஊர்ச் சமாசாரம், நமக்குத் தெரியவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் அந்த டம்ளரைத் தானே கழுவித் தானே கவிழ்த்து வைப்பான். எனக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லை.

மாத்திரை முடிந்து கடைசி சளி டெஸ்ட் 2021 ஏப்ரலில். ரிசல்ட் பேப்பரோடு ரூமுக்கு வந்தவன், பெல்ட்டைப் பழைய ஓட்டையில் மாட்டிக் காட்டினான்.

"நெகட்டிவ்டா" என்றான். "லட்டு எங்கே?"