அரைப்பு சரியாக இருந்தால்தான் குழம்பு: கிரஞ்ச் பாட்டில் பேஸ் கிதார்

தூத்துக்குடி வீடுகளில் மீன் குழம்பு வைப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். பேரம் பேசி வாங்கிய சீலாவும் ஊளியும் கடைசியில்தான் சட்டிக்குள் இறங்கும். அதற்குள் புளிக்கரைசலும் மிளகாய், மல்லித் தூளும் தேங்காய் அரைப்பும் கொதித்துச் சேர்ந்திருக்கும். சாப்பிட்டவர் மீனைத்தான் புகழ்வார். அரைப்பு குறைந்தால் மட்டும், “குழம்பு தண்ணியா இருக்கே” என்பார். ராக் குழுவில் குரல்தான் மீன், பேஸ் கிதார் அந்த அரைப்பு.

அமெரிக்காவின் துறைமுக நகரமான சியாட்டிலில் 1980களின் பிற்பகுதியில் திரண்ட கனத்த ராக் இசைதான் கிரஞ்ச். நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’, பேர்ல் ஜாமின் ‘டென்’, சவுண்ட்கார்டனின் ‘பேட்மோட்டார்ஃபிங்கர்’ ஆகிய மூன்று ஆல்பங்களும் 1991இல் வந்தவை. சவுண்ட்கார்டனின் கிதார் கலைஞர் கிம் தயிலின் பெற்றோர் கேரளத்திலிருந்து போனவர்கள்.

பேஸ் நம் காதுக்குப் புதிதல்ல. இளையராஜா பாடல்களில் சசிதரனையும், ரகுமான் பாடல்களில் கீத் பீட்டர்ஸையும் கேட்டு வளர்ந்த காது இது. அந்தப் பாடல்களில் பல இடங்களில் பேஸ் தனி மெட்டாகவே நடக்கும். கிரஞ்சில் அது பெரும்பாலும் கிதாரின் அடிச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இதில் வாசிக்க என்ன இருக்கிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது தவறு. அப்படி நிற்பதுதான் கடினமான வேலை.

வழக்கமான பேஸ் கிதாரின் நான்கு கம்பிகளும் ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸில் அதிரும். சாதாரண கிதாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸ். பேஸ் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. நம் துறைமுகத்துக்கு வரும் கப்பல் 200 மீட்டரோ அதற்கு மேலோ நீளமானால், அதன் ஊதல் 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. தாழ்ந்த ஒலியைக் காற்று குறைவாகவே உறிஞ்சுவதால் அது வெகுதூரம் போகும். பேஸின் மேல் இரண்டு கம்பிகளும் அந்த எல்லைக்குள் அடங்கும். அடிக்கம்பி இன்னும் கீழே போகிறது.

கிரஞ்ச் குழுக்கள் இதையும் இறக்கின. ஈ கம்பியைத் தளர்த்தி டி சுரத்துக்குக் கொண்டுவருவதை ‘டிராப் டி’ என்பார்கள். 41 ஹெர்ட்ஸ் 37க்கு அருகே வரும். ஆனால் கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிப்படி மாறுவதால், ஐந்தில் ஒரு பங்கு இழுவிசை போய்விடும். கம்பி தொளதொளத்து ஃப்ரெட்டில் மோதிச் சலசலக்கும். சட்டியில் தண்ணீர் கூடிவிட்ட நிலை இது. அரைப்பைக் கூட்டுவதுபோல இங்கே கம்பியின் தடிமனைக் கூட்ட வேண்டும்: 105 அளவு போட்டிருந்தால் 110 அல்லது 115. விரலின் வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிஸ்டார்ஷன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தேங்காயை வறுத்து அரைத்தால், பச்சைத் தேங்காயில் இல்லாத மணம் பிறக்கிறது. டிஸ்டார்ஷன் பெடலும் அலையின் உச்சியை நசுக்கி, மூல ஒலியில் மெலிந்திருந்த அல்லது இல்லாத மேற்சுரங்களைக் கிளப்புகிறது. கைபேசி ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தர முடியாது. ஆனால் 82, 123, 164 ஆகிய மேற்சுரங்கள் காதில் விழுந்தால், இல்லாத அடிச்சுரத்தை மூளையே ஊகித்துக் கேட்டுக்கொள்ளும். வறுத்த பேஸ் சின்ன ஸ்பீக்கரிலும் தெரிவதற்கு இதுதான் காரணம். அளவு மீறினால் கருகும்; அடிச்சுரம் மெலிந்து இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் பச்சையும் வறுத்ததும் கலப்பதுபோல, மூல ஒலியையும் கலந்து தரும் ‘பிளெண்ட்’ திருகு உள்ள பெடலை வாங்குங்கள்.

இனி காலம். கிக் டிரம் விழும் கணத்தில் பேஸும் விழ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுரம் எங்கே முடிகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இடது கையைச் சற்றுத் தளர்த்தினாலே கம்பி அடங்கும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் அடுத்த அடிக்குக் கனம் இருக்காது. சவுண்ட்கார்டனின் ‘அவுட்ஷைன்ட்’ பாட்டில் முக்கிய கிதார் வரி ஏழு எண்ணிக்கையில் சுழலும். மிஸ்ர சாபு பழகியவருக்கு ஏழு எண்ணுவது அந்நியமல்ல. நாலுக்கே பழகிய கைதான் அங்கே தடுக்கி விழும்.

ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. உப்பளக் காற்றில் நிக்கல், எஃகுக் கம்பிகள் சீக்கிரம் துருவேறி மந்தமாகிவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்துப் பைக்குள் வையுங்கள். மேற்பூச்சுள்ள கம்பி விலை கூடுதல்தான், ஆனால் கடற்கரையில் அது வீண்செலவல்ல.

தொடங்க நிர்வாணாவின் ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ போதும். கம்பியை இறக்க வேண்டாம். எஃப், பி ஃபிளாட், ஏ ஃபிளாட், டி ஃபிளாட் என நான்கே அடிச்சுரங்கள். ஈ, ஏ கம்பிகளின் முதல் ஃப்ரெட்டிலும் நான்காம் ஃப்ரெட்டிலும் இருக்கின்றன. சரணத்தில் கிதார் இரண்டே சுரங்களோடு ஒதுங்கிக்கொள்ள, பேஸும் டிரம்மும் பாட்டைச் சுமக்கும். முதலில் அந்தப் பகுதியை மட்டும் மெட்ரோனோம் வைத்து மெதுவாக வாசியுங்கள். பெடலை அதற்குப் பிறகு போடுங்கள்.