அரசியைக் கொடுத்து வென்ற ஆட்டம்

சதுரங்கக் காய்களுள் வலிமை மிக்கது அரசி. நேராகவும் குறுக்காகவும் வேண்டிய தூரம் செல்ல வல்லது அது. ஆயினும் வெற்றி தோல்வி அரசனைப் பொறுத்ததேயன்றி அரசியைப் பொறுத்ததன்று. தேர்ந்த ஆட்டக்காரரும் சிலவேளை மறந்துவிடும் இவ்வுண்மையை, நியூ யோர்க் நகரின் மார்ஷல் சதுரங்கக் கழகத்தில் 1956ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள் நடந்த போட்டியாட்டம் ஒன்று நன்கு விளக்கிற்று.

வெள்ளைக் காய்களை ஆடியவர் டொனால்ட் பேர்ண். 1953இல் அமெரிக்கத் திறந்த போட்டியில் வாகை சூடியவர். கறுப்புக் காய்களின் முன் அமர்ந்தவன் பொபி பிஷர் என்னும் 13 வயதுச் சிறுவன்.

அரசனை ஓரத்திற்கு ஒதுக்கி, அதன் அருகே கோட்டைக் காயை நிறுத்துவதைக் கோட்டை கட்டுதல் என்பர். பிஷர் 4ஆம் நகர்விலேயே அதனை முடித்துக்கொண்டான். பேர்ணோ முதற் பத்து நகர்வுகளுள் மூன்றை அரசிக்கே செலவிட்டார். 11ஆம் நகர்வில், முன்னரே வெளிவந்திருந்த மந்திரியை மீண்டும் நகர்த்தினார். அவருடைய அரசன் நடுவிலேயே நின்றது. அப்பொழுது பிஷர் தன் குதிரையைப் பலகையின் ஓரத்தில், வெள்ளைக் குதிரை எளிதில் வெட்டக்கூடிய கட்டத்தில் வைத்தான். வெட்டியிருந்தால் வெள்ளை அரசனுக்கு நேரான நடுவழி திறந்துவிடும். பேர்ண் அதனை உணர்ந்து வெட்டவில்லை. எனினும் சில நகர்வுகளில் அவ்வழி திறந்தே விட்டது; கோட்டை கட்டும் வாய்ப்பும் போயிற்று.

17ஆம் நகர்வே இவ்வாட்டத்தின் உயிர். பிஷரின் அரசி வெட்டுப்படும் நிலையில் இருந்தது. அவன் அதனைக் காக்கவில்லை. தன் மந்திரியைப் பின்னிழுத்து, வெள்ளையின் மற்றொரு மந்திரிக்கு எதிரே நிறுத்தினான். அம்மந்திரியைப் பேர்ண் வெட்டினால், அவருடைய அரசன் தன் காய்களாலேயே மூச்சடைபட்டுச் சில நகர்வுகளில் மடியும். ஆதலின் அரசியையே வெட்டினார். உடனே கறுப்பு மந்திரியும் குதிரையும் மாறி மாறி ‘செக்’ கூற, வெள்ளை அரசன் இரு கட்டங்களிடையே அலைந்தது. அதற்குள் ஒவ்வொரு காயாகப் பறிபோயிற்று. ஈற்றில், இழந்த அரசிக்கு ஈடாக ஒரு கோட்டையும் இரு மந்திரிகளும் பிஷரிடம் சேர்ந்தன.

தோல்வி உறுதியானதும் ஆட்டத்தைக் கைவிடுவதே தேர்ந்தோர் வழக்கம். பேர்ண் இறுதிவரை ஆடினார். அது பெருந்தன்மை என்றே கொள்ளத்தக்கது. 41ஆம் நகர்வில் கோட்டை, குதிரை, இரு மந்திரிகள் ஆகிய நான்கும் கூடி வெள்ளை அரசனை மடக்கின. வெள்ளை அரசியோ அவ்வேளை பலகையின் மறுகோடியில், எதிரியின் கடைசி வரிசையில், செய்வதற்கு ஒன்றுமின்றி நின்றுகொண்டிருந்தது.