பல்லுக்கு ஒரு ஹெல்மெட்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடு என்று நம் யூனியன் செயலாளர் கேட்டபோது, எல்லோரும் எழுதுகிற 'ரோபோ', 'சூரிய சக்தி' என்று எதையாவது எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில் நடந்த சம்பவம் பேனாவை வேறு பக்கம் இழுத்துவிட்டது.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே போகிற ஒரு சிறு கிராமம். சாமை அறுத்த நிலம்தான் எங்களுக்குக் கபடி மைதானம். காணும் பொங்கல் அன்று, ஏழாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி ரெய்டு போனான். பிடிக்கப் பாய்ந்த பையனின் முழங்கால் நேராகத் தம்பியின் வாயில் விழுந்தது. அவன் எழுந்தபோது மேல் வரிசை முன்பல் ஒன்று வேரோடு மண்ணில் கிடந்தது.

"பல்லுதானே, மறுபடி முளைக்கும்டா" என்றார் ஒரு பெரியவர். பால்பல் என்றால் முளைக்கும். ஏழெட்டு வயதிலேயே முளைத்துவிட்ட நிலைப்பல் போனால் போனதுதான். இன்னொருவர் அந்தப் பல்லைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, காகிதத்தில் மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். டிப்ளமா படிக்கிற எனக்கும் அது தப்பு என்று தெரியவில்லை. வண்டி கிடைத்து, மலை இறங்கி, ஆஸ்பத்திரி போய்ச் சேர நாலு மணி நேரம்.

பல் டாக்டர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதைப் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்திருந்தா திரும்ப நட்டிருக்கலாமேப்பா. வேர் மேல இருக்கிற திசு காஞ்சு போச்சு. இப்ப நட்டாலும் ரொம்ப நாள் நிக்காது."

எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்லும் தாடை வளர்ந்து முடிந்த பிறகுதானாம். அதாவது, ஏறக்குறைய 18 வயதுக்கு மேல். அதுவரை கழற்றி மாட்டும் ஒற்றைப் பல். அதையும் விளையாடும்போது கழற்றிவிட வேண்டும், உடைந்தால் தொண்டைக்குள் போய்விடும். "மீதிப் பல்லாவது நிக்கணும்னா மவுத் கார்டு போட்டு ஆடச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார். டி.வி.யில் குத்துச்சண்டை வீரர் வாயில் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் தெரியும். விசாரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அது குத்துச்சண்டைக்காரர்களுக்கென்றே வந்தது. 1890-ல் லண்டனில் வூல்ஃப் கிராஸ் என்ற பல் மருத்துவர், மலேயா பக்கத்துக் காட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சாவைப் பட்டையாக்கி வீரர்களின் மேல் பல்லில் ஒட்டி அனுப்பினார். (பல்லின் வேர்க்குழாயை அடைக்க இன்றைக்கும் இதே கட்டாபெர்ச்சாதான்.) பிறகு அவருடைய மகன் பிலிப் கிராஸ் ரப்பரில், திரும்பத் திரும்ப மாட்டும்படி செய்தார்.

இது எப்படிப் பல்லைக் காக்கிறது? நாம் அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்த கணத்தாக்குதான். கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கிறோமே, அதே சங்கதி. கணக்குக்காக, மோதும் முழங்காலின் பங்கு 2 கிலோ, வேகம் விநாடிக்கு 3 மீட்டர் என்று வையுங்கள். உந்தம் 6. அது ஒரு மில்லி விநாடியில் நின்றால் சராசரி விசை 6000 நியூட்டன். நடுவில் மெத்தென்ற ஒன்று இருந்து, நிற்கும் நேரத்தை மூன்று மில்லி விநாடியாக நீட்டினால் 2000 நியூட்டன். அதுவும் ஒரே பல்லின் மேல் விழாமல் பக்கத்துப் பற்களுக்கும் பரவுகிறது. இதோடு, கீழ்ப்பல் மேல்பல்லில் போய் இடிக்காது. உதடும் நாக்கும் கிழிவது குறையும். மூளை அதிர்ச்சியையும் தடுக்கும் என்று சில விளம்பரங்கள் சொல்கின்றன. அது இன்னும் உறுதியாக நிரூபணமாகவில்லை, நம்பி ஏமாற வேண்டாம்.

இன்றைக்கு அதிகம் பயன்படும் பொருள் எத்திலீன் வினைல் அசிடேட், சுருக்கமாக இ.வி.ஏ. நமக்குப் புதிது இல்லை. நம் லேபில் இருக்கும் குளூ கன் குச்சி பெரும்பாலும் இதுதான். சோலார் பேனலுக்குள் செல்களைப் பொதிந்து வைப்பதும் இதுதான். செருப்பு, ஷூ அடிப்பாகத்திலும் இருக்கிறது. வினைல் அசிடேட் பங்கு கூடக் கூட மென்மை கூடும், இளகும் வெப்பநிலை குறையும். இதைப் படித்ததும் சில 'விஞ்ஞானிகள்' செருப்பை வெட்டி வாயில் வைக்கப் பார்ப்பீர்கள் என்று தெரியும். வேண்டாம் சாமி! செருப்பில் இருப்பது நுரை ஏற்றி, வேறு ரசாயனங்கள் கலந்தது. வாய்க்கென்றே தயாரித்த தகடு வேறு.

கடையில் கிடைப்பதில் ரெடிமேடு ஒன்று, வெந்நீரில் போட்டுக் கடிப்பது ஒன்று. மூன்றாவது, பல் டாக்டர் அச்சு எடுத்துச் செய்து தருவது. ரெடிமேடு பல்லில் ஒட்டி நிற்காது, கடித்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கபடிக்கு இது அடியோடு உதவாது. ஏன்? வாயைக் கடித்துக்கொண்டே "கபடி கபடி" என்று பாடிப் பாருங்கள்! பாட்டு நின்றால் நடுவர் விசில் ஊதிவிடுவார். ஆகவே நம் ஆட்டத்துக்கு, வாயைத் திறந்தாலும் மேல் பல்லில் கவ்வி நிற்பதுதான் வேண்டும்.

டாக்டர் செய்வது அப்படிப்பட்டது. வாயில் அச்சு எடுத்து, அதில் பிளாஸ்டர் வார்த்துப் பல் வரிசையின் நகல் செய்கிறார்கள். அதன்மேல் சூடாக்கிய இ.வி.ஏ. தகட்டைப் படியவைத்து அடியிலிருந்து காற்றை உறிஞ்சுகிறார்கள். நாம் படித்த வேக்குவம் ஃபார்மிங் அப்படியே. இழுபடும்போது தகடு மெலியும். முன்பல் பக்கம் 3 முதல் 4 மில்லிமீட்டர் கனம் மிஞ்சினால்தான் பிரயோஜனம்.

கையில் காசு இல்லாததால் நான் வாங்கியது வெந்நீர் ரகம், சிறுவர் அளவு, 180 ரூபாய். எங்கள் அடுப்படியில்தான் பரிசோதனை. காவலூர் வானாய்வகமே 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 97 டிகிரி வாக்கில் கொதித்துவிடும், எங்கள் ஊர் இன்னும் சற்று மேலே. போதுமா என்று சந்தேகப்பட்டேன். தாராளமாகப் போதும். ஆனால் முதல் தடவை தம்பி பயத்தில் நறுக்கென்று கடித்துவிட்டான், முன்பக்கம் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. 180 ரூபாய் போச்சு! அடுத்ததை அட்டையில் போட்டிருந்த விநாடிக் கணக்குப்படி முக்கி எடுத்து, பச்சைத் தண்ணீரில் ஒரு தடவை காட்டி, வாய் பொறுக்கும் சூடு வந்ததும் மெதுவாகக் கடிக்க வைத்தேன். எச்சிலை உறிஞ்சச் சொல்லி, வெளியிலிருந்து விரலால் அழுத்தினேன். "அண்ணா, வாந்தி வருது" என்றான். பின்முனையைக் கத்தரியால் கொஞ்சம் குறைத்ததும் சரியாயிற்று. பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த ரகம் கூடாது, டாக்டரிடம்தான் போக வேண்டும்.

ஆடி முடித்ததும் பச்சைத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, ஓட்டை உள்ள டப்பாவில் வைக்கிறோம். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும்.

ஒன்றை மட்டும் இங்கேயே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், நம் ஹாஸ்டல் மைதானத்துக்கும் பயன்படும். நிலைப்பல் வேரோடு விழுந்தால் வெண்மையான தலைப்பக்கத்தைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் இருந்தால் பாலிலோ தண்ணீரிலோ ஒரு அலசு அலசி, அதே குழியில் திருப்பிச் செருகி, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டுக்கொண்டு ஓடுங்கள். பால்பல்லை மட்டும் திருப்பிச் செருகக் கூடாது, உள்ளே வளரும் பல் கெட்டுப்போகும். எங்கள் வீட்டில் அன்றைக்குப் பொங்கலுக்கு வாங்கிய பால் மிச்சம் இருந்தது, நண்பர்களே. அடுப்புப் பக்கத்திலேயே இருந்தது.

தம்பி இப்போது மவுத் கார்டு போட்டுத்தான் ரெய்டு போகிறான். 'கபடி' என்பது முதலில் 'கவடி' என்று வந்தது, ஒரு வாரத்தில் திருந்திவிட்டது. "என்னடா, வாயில பபிள்கம்மா?" என்று கிண்டல் செய்த பையன்களில் இரண்டு பேர் எங்கே வாங்கலாம் என்று என்னிடமே கேட்டார்கள். சிரிக்கும்போது கையால் வாயை மூடுகிற பழக்கம் மட்டும் தம்பிக்கு இன்னும் போகவில்லை. மேலே கோரைப்பல் ஒன்று இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது, பழைய கார்டு அந்த இடத்தில் இடிக்கிறது என்கிறான். அடுத்த பொங்கலுக்குள் வேறு வாங்க வேண்டும்.