கைப்பேசியில் சொந்த ஊர்த் தேர்

'ஆகாசவாணி' என்ற பெயர் வானொலிக்கு முதலில் வழங்கிய ஊர் மைசூர். மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி 1935-ம் ஆண்டில் தமது வீட்டிலேயே சிறிய டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வைத்து நிலையம் நடத்தினார். தனிமனிதர் ஒருவர் ஒலிபரப்பு நடத்துவது அன்று அதிசயம். இன்றோ, கைப்பேசி வைத்திருக்கும் எவரும் படத்தோடு ஒளிபரப்பலாம்.

இதற்கு வழி செய்த 'யூடியூப்' 2005-ல் அமெரிக்காவில் தோன்றியது. அதில் ஏறிய முதல் படம், மிருகக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன் ஒருவர் நின்று பேசும் 19 விநாடித் துண்டு. (யானை பார்த்துச் சலித்த மைசூர்வாசிகளுக்கு இது ஒரு விஷயமா!) மறு ஆண்டே அதை 165 கோடி டாலருக்கு கூகுள் வாங்கியது. நம் நாட்டில் 2016-ல் இணையக் கட்டணம் சரிந்த பிறகுதான் தொழிலாளியின் கைக்கும் அது வந்து சேர்ந்தது.

ஹெப்பாள், நஞ்சன்கூடு தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் தமிழருக்கு இதனால் நன்மை கொஞ்சமல்ல. தேருக்கு லீவு கிடைக்காதவர் ஷிப்டு முடிந்து வந்து அறையிலிருந்தே தேர் பார்க்கிறார். கன்னட எழுத்து தெரியாமல் ஆபீஸ் தாளில் விழித்த குமாஸ்தா, தமிழிலேயே விளக்கும் பாடங்களைப் பார்த்து இரவில் 'அ, ஆ' எழுதிப் பழகுகிறார். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துக் குடும்பத்தார் வயல்வெளியில் சமைத்துக் காட்டும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-ல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டியது.

அதைக் கண்டு தாமும் சம்பாதிக்கலாம் என்று இறங்குவோர் பலர். விளம்பர வருமானத்தில் பங்கு கேட்க ஆயிரம் சந்தாதாரர்களும், ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (குறும்படத் துணுக்குகளுக்குக் கணக்கு வேறு). பெரும்பாலோர் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இன்னொரு தொல்லை பதிப்புரிமை. ஊர்த் திருவிழாவைப் படமெடுத்து ஏற்றுகிறார் ஒருவர். பின்னணியில் ஒலிபெருக்கி சினிமாப் பாட்டு பாடிக்கொண்டிருக்கிறது. ஏற்றப்படும் ஒலியை உரிமையாளர்கள் கொடுத்த ஒலியோடு ஒப்பிடும் இயந்திர ஏற்பாடு ஒன்று 2007 முதல் இருக்கிறது. அது பாட்டைக் கண்டுபிடித்து, படத்தை முடக்கவோ, வருமானத்தைப் பாட்டுக்காரருக்குத் திருப்பவோ செய்கிறது. சாமி ஊர்வலம் போன இடம் தெரியாமல் போகும்! மேல்முறையீடு உண்டு, பதில் வரும் வரை பொறுமையும் வேண்டும். இடையிடையே குறுக்கிடும் விளம்பரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவையெல்லாம் எரிச்சல்தான், ஆபத்து அல்ல. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 2016 செப்டம்பரில் காவிரித் தகராறு முற்றியபோது, பெங்களூரில் தமிழ் இளைஞர் ஒருவர் தாக்கப்படும் காட்சியும், ராமேசுவரத்தில் கர்நாடகத்தவர் தாக்கப்படும் காட்சியும் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தன. 12-ந் தேதி பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் கும்பலாக எரிக்கப்பட்டன. கோபத்துக்குக் காரணம் படம் மட்டுமல்ல; ஆனால் நெருப்புக்குக் காற்றாக அது உதவியது.

ஆற்றில் தண்ணீர் குறையும் ஆண்டுகளில் பழைய காட்சி ஒன்று புதுத் தலைப்போடு மறுபடி கிளம்பினால், வெளிமாநிலத்தில் குடும்பம் நடத்துகிறவனின் வயிறு கலங்கும். ஊரில் இருக்கும் தாய் நள்ளிரவில் போன் செய்கிறாள். யூடியூபில் படத்தின் தலைப்பைத் தொட்டால் ஏற்றிய தேதி தெரியும். எடுத்த தேதி அதில் இருக்காது.