மண்ணின் புளிப்பும் கோவாவின் வேரும்

பால் கலவாத தேநீரில் நாலைந்து துளி தேசிக்காய்ச் சாறு விட்டால், அதன் கருஞ்சிவப்பு வெளிறி மஞ்சள் நிறம் தோன்றுவதைக் கந்தப்பளையில் அறியாதவர் இலர். சாறு கலந்து சாயம் நீர்த்துப்போனமை இதற்குக் காரணமன்று. தேயிலைச் சாயத்திலுள்ள சேதனச் சேர்வைகள் அமிலத்தைச் சேர்ந்ததும் நிறம் மாறுகின்றன. ஆலத்தித் தட்டில் மஞ்சள் நீர் சுண்ணாம்பு பட்டுச் சிவப்பதும் இத்தகையதே. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் சேர்வை காரத்தைக் கண்டு சிவக்கின்றது. இவ்வாறு அமிலத்தையும் காரத்தையும் நிறத்தாற் புலப்படுத்தும் பொருள்கள் ‘காட்டிகள்’ எனப்படும்.

லயத்தின் பின்புறத்தில் ஒரு துண்டு நிலத்திற் கோவா பயிரிடும் அம்மையார் ஒருவர், வாடிய செடியொன்றை வேரோடு பிடுங்கி என்னிடம் கொண்டுவந்தார். வேர் தடித்து, முடிச்சு முடிச்சாய் வீங்கியிருந்தது. “போட்ட உரமெல்லாம் எங்கேதான் போகிறது, ஐயா?” என்றார். கடன்பட்டு உரம் வாங்கியவரின் கேள்வி அது. அதற்கு விடை உர மூட்டையில் இல்லை; மண்ணின் புளிப்பில் இருக்கின்றது.

புளிப்பை அளக்கும் பீ.எச். என்னும் எண்முறையை 1909 ஆம் ஆண்டிற் கோப்பனேகன் நகரின் கார்ல்சுபேர்க் ஆய்வுகூடத்தில் சோரன்சன் என்னும் இரசாயன அறிஞர் வகுத்தார். 7 நடுநிலை; அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். இதில் ஒரு படி என்பது பத்து மடங்கு. பீ.எச். 4.5 உள்ள மண், 5.5 உள்ளதைவிடப் பத்து மடங்கு புளிப்புடையது. ‘ஒன்றுதானே குறைவு’ என்று எவரும் எண்ணலாகாது.

நுவரெலியாப் பகுதியின் மண் இயல்பாகவே புளித்தது. நீண்ட காலமாகப் பெய்யும் மழை கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்துக் கொண்டுபோய்விடுகின்றது. குளிரில் மெல்ல உக்கும் இலைதழைகளிலிருந்தும் சேதன அமிலங்கள் தோன்றுகின்றன. இவற்றோடு நம் கையாலும் புளிப்பைக் கூட்டுகிறோம். அமோனியம் சல்பேட்டை மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றும்போது அமிலம் வெளிப்படுகின்றது. 100 கிலோ அமோனியம் சல்பேட்டு உண்டாக்கும் புளிப்பை ஆற்ற ஏறத்தாழ 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். உரக் கணக்கு எழுதுவோரில் இதனையும் சேர்த்து எழுதுவோரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

பீ.எச். 5 இற்குக் கீழே இறங்கினால், களிமண்ணுட் கட்டுண்டு கிடந்த அலுமினியம் கரைந்து வெளிவருகின்றது. அது இளவேர்களின் நுனியைக் கெடுக்கும்; நாம் இடும் பொசுபரசு உரத்தையும் பற்றிப் பயிருக்கு எட்டாதபடி பூட்டிவைக்கும். அம்மையாரின் பணத்தில் ஒரு பகுதி இவ்வாறு பூட்டப்பட்டது. பங்களாத் தோட்டங்களில் ஹைட்ரேஞ்சியா நீலமாய்ப் பூத்திருந்தால் அதுவும் புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்திருப்பதன் அடையாளமே. தேயிலையின் போக்கு வேறு: அது அலுமினியத்தை இலையிற் சேர்த்துவைத்துக்கொண்டு, பீ.எச். 4.5 முதல் 5.5 வரையுள்ள மண்ணிற் செழிக்கும். கோவா 6 இற்கு மேல் வேண்டுவது. வேலிக்கு அப்புறம் தேயிலை நன்றாயிருப்பதைக் கண்டு இப்புறத்து மண்ணும் நன்று என்று முடிவு செய்தல் தவறு.

மண்ணைச் சோதிக்க, பாத்தியிற் பல இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழம்வரை எடுத்த மண்ணை ஒன்றாய்க் கலந்து நிழலில் உலர்த்துக. அதில் ஒரு பங்கை இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீரிற் கலக்கி, அரைமணி நேரம் விட்டுச் சோதிக்கலாம். பாசிச்சாயத்தாள் இதற்குப் போதாது, 4.5 ஆயினும் 5.5 ஆயினும் அது சிவப்பையே காட்டும். சிவப்புக் கோவாவை அவித்த சாறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. சுண்ணாம்பு இடுவதை அதைக்கொண்டு தீர்மானித்தலாகாது. பல காட்டிகள் சேர்ந்த பீ.எச். தாளும் அதன் நிற அட்டையுமே வேண்டும். இடவேண்டிய அளவை அறிய மண்ணை ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல் நன்று. தேயிலை மண்ணாயின் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனையைப் பெறலாம்.

வேர் வீக்கத்தை விளைவிக்கும் நுண்ணுயிரின் வித்திகள் மண்ணிற் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். புளித்த மண்ணில் அவை எளிதில் விழித்தெழும், பீ.எச். 7.2 ஐத் தாண்டினால் அவற்றின் வேகம் பெரிதும் தணியும், ஆயினும் அவை மடிவதில்லை. நோயுற்ற வேர்களை எருக்குழியில் இடாமல் எரித்துவிடுக. மண்வெட்டியிலும் காலணியிலும் ஒட்டிய மண்ணைக் கழுவுக. அரைத்த டொலமைற்றை நடுகைக்குப் பல வாரங்கள் முன்னரே மண்ணோடு நன்கு கலக்கவேண்டும். சுண்ணாம்பையும் அமோனியம் சல்பேட்டையும் ஒருங்கே இடாதீர்கள். நைதரசன் அமோனியா வாயுவாகிப் பறந்துபோகும்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. கோவாவுக்குப் பின் அதே பாத்தியில் உருளைக்கிழங்கு நடுவது வழக்கம். கிழங்கின் தோலிற் சொறி உண்டாக்கும் நோயோ பீ.எச். 5.2 இற்கு மேலே வலுப்பெறும். ஆகவே அம்மையாரிடம் நிலத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். மேற்பாத்திக்கு டொலமைற்று இட்டுக் கோவாவின் இனமல்லாத லீக்சும் கரட்டும். கீழ்ப்பாத்திக்குச் சுண்ணாம்பின்றி உருளைக்கிழங்கு. கோவாவை நோய் கண்ட மண்ணில் இப்போதைக்கு நடுவதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். மேற்பாத்தி மண்ணை மீண்டும் சோதித்த பின்னரே அடுத்த உர மூட்டை வாங்கப்படும்.