பழனிமலை ஓடை மீன்களும் தொட்டி மீன்களும்: நீளத்தை அளவிடும் முறைகள்

முன்னுரை

கொடைக்கானல் அமைந்துள்ள பழனிமலையின் வடசரிவு ஓடைகள் சண்முகநதி, அமராவதி வழியாகக் காவிரியில் கலக்கின்றன. தென்சரிவு நீர் மஞ்சளாறு முதலியவற்றின் வழியாக வைகைக்குச் செல்கின்றது. இவ்வாறு மலைமுகடு இரண்டு ஆற்றுத்தொகுதிகளைப் பிரிக்கின்றது. ஒரே இனக் கெண்டை இரு சரிவுகளிலும் உடலளவில் வேறுபடுகின்றதா, கண்ணாடித் தொட்டியில் வளரும்போது அவ்வளவு மாறுகின்றதா என்னும் வினாக்களை ஆராய்வதற்கு முன், ‘நீளம்’ என்னும் சொல் எதனைக் குறிக்கின்றது என்பதை வரையறுத்தல் வேண்டும்.

மூவகை நீளங்கள்

வாய் மூடிய நிலையில், முகமுனையிலிருந்து நேர்கோட்டில் அளத்தலே பொதுவிதி. உடலின் வளைவை ஒட்டி நூல் பிடித்து அளத்தல் கூடாது. வால்துடுப்பின் கடைசி நுனிவரை அளப்பது மொத்த நீளம். வாற்கவையின் உட்புள்ளிவரை அளப்பது கவை நீளம். முதுகெலும்புத் தொடர் முடியும் வாலடிவரை அளப்பது செந்தர நீளம். வாலைச் சற்றே வளைத்தால் அடியில் தோன்றும் மடிப்பு அவ்விடத்தைக் காட்டும்.

வகைப்பாட்டாய்வுகளில் செந்தர நீளம் பெரிதும் பயன்படுவதற்குக் காரணம் உண்டு. செந்தர நீளம் 60 மி.மீ., வால் 18 மி.மீ. எனில் மொத்த நீளம் 78 மி.மீ. தொட்டியில் உடன்வாழும் மீன்கள் வாலில் 6 மி.மீ. கடித்துவிட்டால் மொத்த நீளம் 72 ஆகக் குறையும். செந்தர நீளம் மாறாது. நீள்வால் தங்கமீன்களில் வாலே உடலளவை மறைத்துவிடும். காவிரித் தொகுதிக்குரியதும் 1849இல் ஜெர்டன் விவரித்ததுமான அருளியஸ் கெண்டையின் ஆண்களுக்கு முதுகுத்துடுப்புக் கதிர்கள் இழைகளாக நீளும். அவ்விழைகள் எந்நீளத்திலும் சேரா.

கண்ணாடி வழியே அளத்தல்

தொட்டியின் வெளிப்புறத்தில் அளவுகோலை ஒட்டி மீனை அளப்பது பிழை தரும். நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33. ஆதலால் கண்ணாடிக்கு 20 செ.மீ. பின்னால் உள்ள மீன் 15 செ.மீ. பின்னால் இருப்பதாகத் தோன்றும். கண்ணாடிக்கு 60 செ.மீ. முன்னிருந்து நேராக நோக்குபவருக்கு, 10 செ.மீ. மீன் அளவுகோலில் 10×60/75, அதாவது 8 செ.மீ. எனக் காட்டும். மீனை ஒடுங்கிய சிறுதொட்டிக்கு மாற்றி, அளவுகோலையும் நீருக்குள் மீன் இருக்கும் தளத்திலேயே நிறுத்திப் பக்கவாட்டில் நேராக ஒளிப்படம் எடுத்தால் இப்பிழை நீங்கும். மீனைக் கையால் பற்றவும் வேண்டியதில்லை.

முடிவுரை

நீளத்தின் வகை, அளந்த முறை, மீன் உயிருள்ளதா பதப்படுத்தப்பட்டதா என்னும் மூன்றும் எண்ணுடன் பதிவாதல் வேண்டும். பதப்படுத்திய உடல் சுருங்கக்கூடுமாதலின் மூன்றாவது குறிப்பும் இன்றியமையாதது. இவை இன்றி ‘நீளம் 8 செ.மீ.’ என மட்டும் எழுதப்பட்டால், வடசரிவு மீனையும் தென்சரிவு மீனையும் ஒப்பிட அவ்வெண் உதவாது. அதில் தென்படும் வேறுபாடு மீனுடையதா, அளவீட்டினுடையதா என்பதைப் பின்னர் எவராலும் பிரித்தறிய இயலாது.