மூளைக் குருதிக்கசிவு விலங்கு மாதிரிகள்

மூளைக் குருதிக்கசிவு விலங்கு மாதிரிகள் என்பன, மூளையினுள் குருதி கசியும் நோய்க்கான மருந்துகளை மனிதருக்கு அளிக்கும் முன் சோதிப்பதற்காக, ஆய்வுக்கூட விலங்குகளில் செயற்கையாக உருவாக்கப்படும் நோய்நிலைகள் ஆகும். எலி, சுண்டெலி, பன்றி ஆகியவை இவற்றில் பெரிதும் பயன்படுகின்றன. விலங்குகளில் பயன் தந்த சில மருந்துகள் மனிதரில் பயன் தராமையால், இம்மாதிரிகள் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பது இத்துறையின் முக்கியமான கேள்வியாக உள்ளது.

பின்னணி

பக்கவாதம் இரு பெரும் வகைப்படும். குருதிக்குழாய் அடைபடுவதால் ஏற்படுவது ஒன்று. குழாய் வெடித்துக் குருதி கசிவதால் ஏற்படுவது மற்றொன்று. கசிவு வகை எண்ணிக்கையில் குறைவு எனினும் மிகக் கொடியது. மூளைத் திசுவினுள் கசிவு ஏற்பட்டவர்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் ஒரு மாதத்துக்குள் இறக்கின்றனர். உயர் குருதி அழுத்தமே இதற்கு முதன்மையான காரணம். அழுத்தத்தைக் குறைத்தல், அறுவை மருத்துவம் முதலியன நடைமுறையில் உள்ளன. ஆயினும் கசிவுக்குப் பின் மூளைத் திசுவை நேரடியாகக் காக்கும் மருந்து எதுவும் வழக்கமான மருத்துவத்தில் இடம்பெறவில்லை.

கசிவினால் ஏற்படும் சேதம் இரு கட்டங்களாக நிகழ்கிறது.

முதற் கட்டம்: தேங்கிய குருதி, கட்டியாகிச் சுற்றியுள்ள திசுவை அழுத்துகிறது. இது சில மணி நேரத்தில் நிகழ்வதால் மருந்து குறுக்கிடக் கிடைக்கும் கால அளவு குறைவு.

இரண்டாம் கட்டம்: குருதி உறையும்போது உருவாகும் திராம்பின் என்னும் நொதியம் மூளை வீக்கத்தைத் தூண்டுகிறது. பின்வரும் நாட்களில் சிவப்பணுக்கள் சிதைந்து ஈமோகுளோபின் வெளிப்படுகிறது. அதிலிருந்து பிரியும் இரும்பு, திசுவைத் தாக்கும் தனி உறுப்புகளைத் தோற்றுவிக்கிறது. நாட்கணக்கில் நீடிப்பதால் பல மருந்து ஆய்வுகள் இக்கட்டத்தையே இலக்காகக் கொள்கின்றன.

மாதிரிகளின் வகைகள்

குருதி ஊசி மாதிரி: மயக்க நிலையில் உள்ள விலங்கின் சொந்தக் குருதியே எடுக்கப்பட்டு, அதன் மூளையின் ஆழ்பகுதியில் செலுத்தப்படுகிறது. எலிக்கு 100 மைக்ரோலிட்டர் அளவு பொதுவாகப் பயன்படுகிறது. கட்டியின் அளவை ஆய்வாளரே தீர்மானிக்க இயலும். ஆனால் இதில் குருதிக்குழாய் எதுவும் வெடிப்பதில்லை. மனிதரில் காணப்படுவது போலக் கட்டி படிப்படியாகப் பெருப்பதும் இல்லை.

கொலாஜினேசு மாதிரி: கொலாஜினேசு என்பது பாக்டீரியாவிலிருந்து பெறப்படும் நொதியம். இது குருதிக்குழாய்ச் சுவரின் கொலாஜன் புரதத்தைச் சிதைப்பதால் மூளையினுள்ளேயே கசிவு தொடங்குகிறது. எலிகளில் இம்முறையை ரோசன்பர்க் குழுவினர் 1990ல் விவரித்தனர். குழாய் சிதைந்து கட்டி பெருப்பது இம்முறையின் சிறப்பு. எனினும் இந்நொதியம் தானே அழற்சியைத் தூண்டக்கூடும். மேலும், இந்நொதியத்தைத் தடுக்கும் மருந்து ஒன்று, நோயைக் குணப்படுத்தாமலே குணப்படுத்தியதாகத் தோன்ற வாய்ப்புண்டு.

இவ்விரு மாதிரிகளும் கசிவின் வெவ்வேறு பகுதிகளையே பிரதிபலிக்கின்றன. எனவே ஒரு மருந்தை இரண்டிலும் சோதிப்பது சிறந்தது.

சோதனை முறை

விலங்குகள் சீட்டுக் குலுக்கல் போன்று குறிப்பின்றி இரு குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றன. ஒரு குழுவுக்கு மருந்தும், மற்றதற்கு மருந்தற்ற கரைசலும் தரப்படும். எந்த விலங்கு எதைப் பெற்றது என்பது மதிப்பிடுபவருக்குத் தெரியாமல் இருத்தல் வேண்டும். மூளையை ஈரமாகவும் உலர்த்திய பின்பும் எடையிட்டு வீக்கம் கணக்கிடப்படுகிறது. முன்னங்கால்களைப் பயன்படுத்தும் விதம், மூலையில் எப்பக்கம் திரும்புகிறது என்பன போன்ற சோதனைகளால் செயல்திறன் அளக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டு: டெஃபெராக்சமீன்

டெஃபெராக்சமீன், உடலில் மிகுந்துள்ள இரும்பைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து. அடிக்கடி குருதி ஏற்றப்படும் தலசீமியா நோயாளிகளுக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது. குருதி ஊசி மாதிரியில் இது எலிகளின் மூளை வீக்கத்தையும் செயலிழப்பையும் குறைத்ததாக மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவினர் 2004ல் அறிவித்தனர். பன்றிக்குட்டிகளிலும் சாதகமான முடிவுகள் கிடைத்தன. ஆனால் கொலாஜினேசு மாதிரியில் இது பயன் தரவில்லை என 2010ல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

மனிதரில் தொடங்கிய முதல் பெரிய சோதனை, அதிக அளவு மருந்து பெற்றோரிடம் கடும் நுரையீரல் பாதிப்பு காணப்பட்டதால் 2013ல் நிறுத்தப்பட்டது. பின்னர் அளவு குறைக்கப்பட்டுச் சோதனை தொடர்ந்தது. அதன் முடிவு 2019ல் வெளியானது. 90ஆம் நாளில் நல்ல நிலையில் இருந்தோர், மருந்து பெற்றவர்களுள் 34 விழுக்காடு. பெறாதவர்களுள் 33 விழுக்காடு. இவ்வேறுபாடு, அடுத்த கட்டப் பெரும் சோதனைக்குச் செல்லப் போதுமானதாக இல்லை.

குறைபாடுகள்

* சோதனை எலிகள் பெரும்பாலும் இளமையும் உடல்நலமும் கொண்டவை. நோயாளிகளோ பெரும்பாலும் முதியோர். உயர் குருதி அழுத்தம் உடையோர்.
* எலியின் மூளை ஏறத்தாழ 2 கிராம் எடையுள்ளது, மடிப்புகள் அற்றது, வெண்பொருள் குறைந்தது. மடிப்புகளும் மிகுந்த வெண்பொருளும் உடைய பன்றி மூளை இவ்வகையில் மனித மூளைக்கு நெருக்கமானது.
* ஆய்வுக்கூடத்தில் கசிவு தொடங்கிய நேரம் துல்லியமாகத் தெரியும். மருந்தை விரைவில் தரலாம். நோயாளி மருத்துவமனையை அடையப் பல மணி நேரம் ஆகலாம்.

நெறிமுறைகள்

ரசல், பர்ச் ஆகியோர் 1959ல் மூன்று கொள்கைகளை முன்வைத்தனர். விலங்குக்கு மாற்று வழி இருப்பின் அதைப் பயன்படுத்தல், விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், வலியைக் குறைக்கும் வகையில் முறைகளைச் செம்மைப்படுத்தல் என்பன அவை. எண்ணிக்கையைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. குழு மிகச் சிறியதாயின் முடிவு நம்பத்தகாததாகி, பயன்படுத்திய விலங்குகள் அனைத்தும் வீணாகின்றன. அத்தகைய முடிவை நம்பித் தொடங்கும் மருத்துவச் சோதனையில் நோயாளிகளும் தேவையற்ற இடருக்கு உள்ளாகின்றனர். விலங்காய்வுகளை முழுமையாக அறிக்கையிடுவதற்கான அரைவ் வழிகாட்டுதல்கள் 2010ல் வெளியிடப்பட்டு, 2020ல் திருத்தப்பட்டன.

இவற்றையும் பார்க்க

* பக்கவாதம்
* உயர் குருதி அழுத்தம்
* தலசீமியா